கோரஸில் நிற்கும் பையன்

மதுரையைச் சுற்றியிருக்கும் ஊர்களில் திருவிழாக் கச்சேரிக்கு வைக்கும் ஃப்ளெக்ஸ் பேனர்களைப் பார்த்திருப்பீர்கள். ஏதாவது ஒரு டி.வி. நிகழ்ச்சியின் பெயர், பக்கத்திலேயே 'புகழ்' என்ற சொல், கீழே ஒரு இளம் முகம். பேனரின் அடியில், செல்போன் எண்ணை ஒட்டி, கச்சேரி நடத்தும் மெல்லிசைக் குழுவின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். எங்க மாமா முப்பது வருஷமாகப் பாடுவது அந்தப் பொடி எழுத்தில்தான்.

கச்சேரி ஆறு மணி நேரம் என்றால் 'புகழ்' ஐந்தாறு பாட்டுப் பாடிவிட்டுக் கிளம்பிவிடுவார். மீதியெல்லாம் மாமாவும் இன்னும் இரண்டு பேரும். சாமி பாட்டில் ஆரம்பித்து டி.எம்.எஸ்., பி.பி.ஸ்ரீநிவாஸ், மலேசியா வாசுதேவன் என்று குரலை மாற்றி மாற்றி, நள்ளிரவுக்கு மேல் குத்துப் பாட்டில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். நடுவில் துண்டுச் சீட்டில் விருப்பப் பாடல் வரும். தெரியாது என்று சொல்ல முடியாது. சம்பளத்தில் இருக்கும் வித்தியாசத்தை எழுதினால் மாமா கோபித்துக்கொள்வார். விட்டுவிடுகிறேன்.

இந்த இடத்தில் வழக்கமான ஒரு புலம்பலுக்குப் போவது சுலபம். அந்தக் காலத்தில் உழைத்து முன்னேறினார்கள், இப்போது டி.வி.யில் தோன்றினால் போதும் என்கிற புலம்பல். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு வாரம் கர்நாடக இசை, அடுத்த வாரம் நாட்டுப்புறம் என்று ரவுண்டுக்கு ரவுண்டு மாறிப் பாடுகிற பிள்ளைகளை உழைக்காதவர்கள் என்று எப்படிச் சொல்வது?

தவிர, ஒரே ராத்திரியில் வந்ததாகத் தெரியும் புகழ் பல சமயம் அப்படி வந்ததே இல்லை. 2018-ல் சூப்பர் சிங்கர் ஆறாவது சீசனில் செந்தில் கணேஷ் ஜெயித்தார். டி.வி.க்கு அவர் புதுமுகம். ஆனால் அவரும் மனைவி ராஜலட்சுமியும் அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே ஊர் ஊராக மேடையேறி நாட்டுப்புறப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள். நமக்கு அறிமுகமான நாளை அவர்களுடைய முதல் நாள் என்று நினைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

போட்டி என்பதும் நேற்று வந்த சமாச்சாரம் இல்லை. எஸ்.பி.பாலசுப்ரமணியம் 1964-ல் சென்னையில் நடந்த ஒரு பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர்தான். அங்கே அவர் பாட்டைக் கேட்ட இசையமைப்பாளர் கோதண்டபாணிதான் முதல் சினிமா வாய்ப்பையும் கொடுத்தார். அந்தப் பாட்டு பதிவானது 1966-ல். அந்த நாட்களில் அவர் மெல்லிசைக் குழு ஒன்றையும் நடத்தினார். இளையராஜா, கங்கை அமரன் எல்லாம் அதில் வாசித்தவர்கள். பரிசு வாங்கிய மறுநாள் நாடே அவரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மேடையில் பாட, தடுமாற, கற்றுக்கொள்ள அவருக்கு இடம் இருந்தது.

இந்த இடம்தான் என் கவலை. அது எனக்குப் புரிந்தது மாமாவின் குழுவுக்கு வந்து சேர்ந்த ஒரு பையனால். பத்து வயதில் ஒரு சேனலின் குழந்தைகள் போட்டியில் பாடியவன். உச்சத்தில் அவன் பிடித்து நிறுத்திய ஒரு இடத்துக்கு நடுவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பதின்மூன்றில் மகரக்கட்டு வந்துவிட்டது. பாய்ஸ் கம்பெனி நாடகக் காலத்திலேயே இருந்த கஷ்டம்தான் இது. குரல் உடைந்தால் பாடுகிற வேஷம் கையை விட்டுப் போகும். ஆனால் அந்தப் பையன்களின் பழைய குரல் காற்றோடு போயிற்று. இவனுடையது யூடியூபில் அப்படியே இருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பாட்டைத்தான் கேட்கிறார்கள். அவன் தன்னோடேயே போட்டி போட வேண்டியிருக்கிறது, அதுவும் பத்து வயசுத் தன்னோடு.

மாமா அவனைத் தனியாகப் பாட விடவில்லை. ஒரு வருஷம் கோரஸ் மட்டும். ஒருநாள் ஒத்திகைக்கு அவன் அம்மா வந்துவிட்டார்.

"டி.வி.ல பாடுன புள்ளைய இப்படிப் பின்னால நிப்பாட்டி வச்சிருக்கீங்களேண்ணே?"

"கோரஸ்ல நின்னாத்தாம்மா தப்பு விடலாம். ஒருத்தருக்கும் கேக்காது."

அந்த அம்மா சமாதானம் ஆகவில்லை. அவருக்கும் நியாயம் இருக்கிறது. போட்டிக்காகச் சென்னைக்கு அலைந்த செலவு, துணிமணி, பாட்டு டீச்சர் ஃபீஸ் எல்லாம் கடன். பையனின் பெயருக்கு மதிப்பு இன்னும் ஒன்றிரண்டு வருஷம்தான், அடுத்தடுத்த சீசனில் வேறு முகங்கள் வந்துவிடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். குரல் நிதானத்துக்கு வரும் வரை காத்திருந்தால் கூப்பிட ஆளிருக்காது. இப்போதே பாடினால் குரல் கெடும். மாமா சொல்வதும் சரி, அம்மா சொல்வதும் சரி. இரண்டுக்கும் நடுவில் பையன் கீபோர்டு பக்கத்தில் தலை குனிந்து நின்றான்.

புகழ் சீக்கிரம் வருவதில் எனக்கு வருத்தமில்லை. அது வந்தபிறகு யாருக்கும் கேட்காமல் தப்பாகப் பாட முடியாமல் போகிறதே, அதுதான் உறுத்துகிறது. பாடுகிறவர்களுக்கு மட்டுமில்லை, எழுதுகிறவர்களுக்கும் ஆடுகிறவர்களுக்கும் அந்தச் சில வருஷங்கள் வேண்டும்.

வைகாசித் திருவிழாவுக்கு ஒரு விழாக் கமிட்டி அவன் படத்தைப் போட்டு பேனர் அடிக்கக் கேட்டிருக்கிறது. நல்ல தொகை. அம்மா சரி என்றுவிட்டார். மாமாவும் கடைசியில் ஒத்துக்கொண்டார், ஒரே நிபந்தனையோடு: இரண்டு பாட்டு மட்டும், அதில் அந்தப் பழைய பாட்டை இரண்டு கட்டை இறக்கித்தான் பாட வேண்டும். "அது மாதிரி இல்லையேன்னு சனம் சொல்லும்" என்றான் பையன். "சொல்லட்டும், நான் பின்னால கோரஸ்ல நிக்கிறேன்" என்றார் மாமா.