சுள்ளிக்குள்ளிருந்து வந்த வண்டு

டோம்பிவிலி கிழக்கில், மான்பாடா சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது அந்தக் குடியிருப்பு. இரண்டாம் மாடி வீட்டின் பால்கனியில், துணி காயும் கொடிக்குக் கீழே பழைய பெயின்ட் வாளிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வாளியின் வாயிலும் மெல்லிய வலைத்துணி, அதைச் சுற்றி ரப்பர் பட்டை. உள்ளே காய்ந்த கிளைகள்: ஆல், மா, முருங்கை, கல்யாண முருங்கை. எந்த மரம், எங்கே வெட்டியது, எந்தத் தேதி என்று வாளியின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதியிருக்கிறது. கிளைகளுக்குள் புழுக்கள் மரத்தைத் தின்றுகொண்டிருக்கின்றன. மாதங்கள் கழித்து அவை வண்டுகளாகித் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வருகிறவற்றில் பெரும்பாலானவை நீள்கொம்பு வண்டுகள். பலவும் உடலைவிட நீண்ட உணர்கொம்புகளைச் சுமந்து திரியும் குடும்பம்.

வாளிகளின் சொந்தக்காரர் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அவருடைய அப்பா மாட்டுங்காவில் ஒரு கம்பெனியில் தட்டச்சராக இருந்தவர். வாடகை கட்டுப்படியாகாமல், அந்தக் காலத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைப் போலவே மத்திய ரயில் பாதையில் வடக்கே நகர்ந்து டோம்பிவிலிக்கு வந்து சேர்ந்தார். மகள் பிறந்தது இங்கேதான். மாணவர்கள் அவரை ‘தாயி’ என்று மராட்டியில் அக்கா முறை வைத்துக் கூப்பிடுகிறார்கள். அம்மா எனக்குக் காபி கொடுத்துவிட்டு, “வாளிய மட்டும் நகத்திடாதீங்க தம்பி, அவ கோவிச்சுக்குவா” என்றார்.

நான் பார்க்கப் போனது ஒரு வண்டை. ஒன்பது மில்லிமீட்டர் நீளம், மரப்பட்டையின் பழுப்பு நிறம், கெட்டிச் சிறகின் பின்பாதியில் சாம்பல் வெள்ளையாகச் சாய்ந்த ஒரு பட்டை. டெரொலோஃபியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது என்பது வரை தெரியும். நியூமன் என்ற பூச்சியியலாளர் 1842இல் வைத்த பெயர் அது. அந்தப் பேரினத்துக்குள் இதுவரை யாரும் பெயரிடாத சிற்றினமாக இருக்கலாம் என்று அவர் நினைக்கிறார். அந்த ‘இருக்கலாம்’ தீர்வதற்குத்தான் இத்தனை உழைப்பும்.

“காட்டுக்குப் போய்ப் பிடிக்கிறதுதான் வேலைன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க சார். பிடிக்கிறது அரை நாள். அதுக்கப்புறம் வருஷக்கணக்கா இந்த மேசைதான்” என்றார்.

மேசையில் ஒரு இருகண் நுண்ணோக்கி, மெல்லிய இடுக்கிகள், பூச்சி ஊசிகள். உலர்ந்த ஆண் வண்டு ஒன்றை வெந்நீரில் போட்டு மூட்டுகள் இளகும்வரை காத்திருந்தார். பிறகு நுனி வளைந்த ஊசியால் வயிற்றின் கடைசிக் கண்டத்தைத் திறந்து, அரிசி நொய்யைவிடச் சிறிய ஒரு துணுக்கை வெளியே இழுத்தார். அது காஸ்டிக் பொட்டாஷ் கரைசலுக்குள் போனது. தசையும் கொழுப்பும் கரைந்தபின் தேன் நிறத்தில் வளைந்த ஒரு குழாய் எஞ்சியது. அதுதான் வண்டின் ஆணுறுப்பு. வெளித்தோற்றத்தில் அச்சாக ஒத்திருக்கும் இரண்டு சிற்றினங்கள் பல நேரங்களில் இந்தக் குழாயின் நுனி வடிவில்தான் பிரிகின்றன. அதை கிளிசரின் நிரப்பிய குட்டிப் புட்டியில் இட்டு, அதே வண்டின் ஊசியில் கீழே செருகினார். உடலும் உறுப்பும் பிரிந்துவிடக் கூடாது. அதற்கும் கீழே இடம், தேதி, மரம், சேகரித்தவர் பெயர் எழுதிய சீட்டு. “சீட்டு போச்சுன்னா வண்டு வெறும் குப்பை” என்றார், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்தியாவிலிருந்து பதிவான நீள்கொம்பு வண்டுகள் 1,500 சிற்றினங்களுக்கும் மேல். 2017இல் வெளியான பட்டியல் அவற்றைத் தொகுத்திருக்கிறது. ஆனால் பெயர்ப்பட்டியலை வைத்து வண்டை அடையாளம் காண முடியாது. அதற்கு விளக்க நூல் வேண்டும். அயர்லாந்துக்காரரான சார்லஸ் ஜோசப் கேஹன் 1906இல் ‘பிரிட்டிஷ் இந்திய விலங்குகள்’ வரிசையில் இந்தக் குடும்பத்துக்கு ஒரு தொகுதி எழுதினார். இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். குடும்பத்தின் மிகப் பெரிய பிரிவான லாமினே அதில் இல்லை. அதற்கென்று எழுத வேண்டிய தொகுதி வெளிவரவே இல்லை. நம் பழுப்பு வண்டு அந்த லாமினேயைச் சேர்ந்தது.

அந்த இடைவெளியை நிரப்பியவர் ஸ்டெஃபான் ஃபான் ப்ரூனிங். ஆஸ்திரியக்காரர், பாரிஸில் வாழ்ந்தவர். லாமினே பிரிவில் மட்டும் 7,000க்கும் மேற்பட்ட பெயர்களைச் சூட்டினார். ஒரு மனிதர் தன் ஆயுளில் இவ்வளவு செய்தார் என்பது பிரமிக்க வைக்கிறது. ஆனால் அவருடைய விளக்கங்கள் பல சில வரிகளில் முடிந்துவிடுகின்றன, பலவற்றுக்குப் படமும் கிடையாது. ‘பழுப்பு, பின்னால் வெளிர் பட்டை’ என்ற அளவு விளக்கத்துக்கு ஒரே வாளியிலிருந்து நாலு வகை வண்டைக் காட்டலாம். அவர் கையில் வைத்துப் பெயர் எழுதிய அந்த ஒற்றை வண்டைப் பார்த்தால்தான் தீர்வு. அந்த மூல மாதிரிகளில் கணிசமானவை பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வேறு பல லண்டனில்.

இது என்னை உறுத்துகிறது. நீலகிரியிலும் கர்நாடக மலைகளிலும் பிடித்த வண்டுகள் கப்பலேறிப் போயின. இன்று டோம்பிவிலியில் பிறந்து வளர்ந்த ஒருவர் தன் தெருவில் வெட்டிய கிளையிலிருந்து வந்த வண்டுக்குப் பெயர் உண்டா இல்லையா என்று அங்கே எழுதிக் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அருங்காட்சியகக் காப்பாளர்கள் உதவுகிறார்கள், படம் எடுத்து அனுப்புகிறார்கள். இருந்தும் ஒரு கோணத்தில் எடுத்த படத்தில் சிறகின் புள்ளிக்குழிகள் தெரியாது. மறுபடி எழுத வேண்டும், மறுபடி காத்திருக்க வேண்டும். விமானம் ஏறிப் போய்ப் பார்க்கிற அளவுக்கு இந்த வேலைக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் துறையின் வரலாறே சாட்சி. ஒரே வண்டுக்கு இரண்டு மூன்று பெயர்கள் விழுந்து, அவற்றைச் சீர்செய்யவே அடுத்த தலைமுறை உழைத்திருக்கிறது. நல்ல மரம் தின்ற புழு பெரிய வண்டாகும், காய்ந்த குச்சியில் அரைகுறையாகத் தின்றது பாதி அளவில் நின்றுவிடும். வயதான வண்டின் மேல் ரோமம் தேய்ந்து பட்டையே காணாமல் போகும். இந்த வேறுபாடுகளை நம்பி ஒருவர் புதுப் பெயர் வைத்துவிட முடியும். அதனால்தான் தாயி ஒரு வாளியில் வந்த அத்தனை வண்டுகளையும், சின்னது பெரியது பார்க்காமல், அளந்து எழுதுகிறார்.

பெயர் சரியாக இருப்பது தோட்டக்காரருக்கும் வேண்டும். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களை வாட்டும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானும் இதே குடும்பம்தான், மாமரத்தைத் துளைக்கும் பட்டோசெராவும் இதே குடும்பம். ஆசிய நீள்கொம்பு வண்டு 1996இல் நியூயார்க்கில் தென்பட்டபோது, சரக்குப் பெட்டிகளின் மரத்துக்குள் ஒளிந்து சீனாவிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி அழிக்க வேண்டியதாயிற்று. இப்போது ஏற்றுமதிக்குப் போகும் மரப்பெட்டிகளை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்குவது உலக விதிகளில் ஒன்று. எந்த வண்டு எந்த ஊருடையது என்று யாரோ முன்பே எழுதி வைத்திருந்ததால்தான் வந்தது எங்கிருந்து என்று சொல்ல முடிந்தது.

ஒரு பட்டோசெராவைக் கையில் கொடுத்தார். ஆலமரக் கிளையிலிருந்து வந்த உயிருள்ள வண்டு, என் ஆள்காட்டி விரலின் பாதிக்கு மேல் நீளம். பிடித்த உடனே கிறீச் கிறீச் என்று கத்தியது. வாயிலிருந்து வரும் சத்தமில்லை. முன்மார்பை மேலும் கீழும் ஆட்டி, அதன் விளிம்பை அடுத்த கண்டத்தின் மேலுள்ள நுண்வரிகளில் உரசுகிறது. விரல் நுனியில் அந்த அதிர்வு தெரிந்தது.

பெயர் என்ன வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். அச்சில் வரும்வரை சொல்லக் கூடாது என்று சிரித்தார். தானேயில் கிடைத்த குதிக்கும் சிலந்தி ஒன்றுக்கு 2021இல் ‘இசியஸ் துகாராமி’ என்று பெயரிட்டார்கள். 26/11 மும்பைத் தாக்குதல் இரவில் பயங்கரவாதி கசாபைப் பிடித்து உயிர்விட்ட காவலர் துகாராம் ஓம்பாளேயின் நினைவாக. அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. புதியது என்று உறுதியானால் ஒரு வண்டை மூல மாதிரியாகத் தேர்ந்து சிவப்புச் சீட்டுக் குத்தி, 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி அரசு அறிவித்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். இந்திய விலங்கியல் மதிப்பாய்வகத்தின் புனே மையத்தை மனதில் வைத்திருக்கிறார். அந்த வண்டு பாரிஸுக்குப் போகாது.

இப்போதைக்குத் தடை வேறு. கையில் இருப்பது ஓர் ஆணும் சில பெண்களும்தான். ஒரே ஆணை வைத்து ஆணுறுப்பின் வடிவம் இதுதான் என்று எழுத அவருக்கு மனம் ஒப்பவில்லை. மழைக்கு முன்பு மாநகராட்சி ஆட்கள் சாலையோர மரங்களைக் கழிக்க வருவார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவருக்கு இந்த வேலை பிடித்துப்போய்விட்டது. பட்டைக்குக் கீழே மரத்தூள் அடைந்த கிளை எது, வெறும் கரையான் அரித்தது எது என்று வெட்டும்போதே பிரித்துவிடுகிறார், கட்டை விரல் பருமனுக்குள் இருக்கும் சுள்ளிகளை லாரியில் ஏற்றாமல் தனியாக வைக்கிறார். நான் கிளம்பும்போது அவரிடமிருந்துதான் அழைப்பு வந்தது. எந்தத் தெரு, எந்த மரம் என்று மராட்டியில் கேட்டுக்கொண்டே தாயி காலி வாளி ஒன்றைக் கழுவ எடுத்தார்.