மறுமொழி சென்ற துறை

எழுதிய கடிதத்திற்கு மறுமொழி வாராதொழியின், தம்மை மதிக்கவில்லையென்றே பலரும் எண்ணுவர். இடையிலே வழி அடைபட்டிருக்கலாமென்று நினைப்பார் மிகச் சிலர். மின்னஞ்சல் வந்த பின்னும் இம் மனவியல்பு மாறிற்றில்லை.

இம் மலருக்குக் கட்டுரை திரட்டியபோது, கடல் கடந்து வாழும் எண்பது வயது கடந்த பழைய மாணவரொருவர் தம் ஆசிரியரைப் பற்றி உருக்கமானதொரு நினைவுரை எழுதி அனுப்பினார். அதனைச் சிறிது சுருக்குவதற்கு அவருடைய இசைவு வேண்டியிருந்தது. கல்லூரி அலுவலகத்திலிருந்து அஞ்சல்கள் தடையின்றிச் சென்றுகொண்டிருந்தன. விடுமுறையாதலின் வீட்டிலிருந்து எழுதலானேன். அவர் கடிதங்கள் வந்தன. என் மறுமொழியோ புறப்படவேயில்லை. "கட்டுரை பிடிக்கவில்லையோ?" என்று அவர் மீண்டும் எழுதினார். அச்சகத்திற்குக் கொடுக்க மூன்று நாள்களே எஞ்சியிருந்தன.

கணினித் தொழில் செய்யும் என் மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, கடவுச்சொல்லை மாற்றவேண்டுமோ?" என்றேன்.

"வேண்டாம், சேர். கடிதம் வருகின்றதல்லவா? ஆகவே இணைப்பும் சேவையகத்தின் பெயரும் சரி. அனுப்பும் வழியை மட்டும் பார்ப்போம்" என்றார்.

சேவையகம் ஒன்றாயினும் அதற்கு எண்ணிட்ட துறைகள் பல; ஒரே கரையிற் பருத்தித்துறையும் காங்கேசன்துறையும் இருத்தல்போல. என் கணினியிற் பெறுதற்கு 993உம் அனுப்புதற்கு 25உம் குறிக்கப்பட்டிருந்தன. ஜோன் பொஸ்டெல் 1982இல் எழுதிய அஞ்சல் நெறியிற் காணப்படும் இந்த 25ஆம் துறை, இன்று சேவையகங்கள் தம்முள் அஞ்சலைக் கைமாற்றுதற்கே உரியது. தீய நிரல்கள் புகுந்த வீட்டுக் கணினிகள் அதன்வழியே வேண்டா அஞ்சல்களைப் பரப்புதலால், இணையச் சேவை நிறுவனங்கள் பல அதனை அடைத்துவிடுகின்றன. கல்லூரிக்குள்ளே கணினியும் சேவையகமும் ஒரே வலையமைப்பில் இருத்தலின் அத்தடை குறுக்கிடவில்லை. நம்போன்றோர் அஞ்சலை ஒப்படைத்தற்கென 1998இலேயே 587ஆம் துறை வகுக்கப்பட்டது. தொடக்கம் முதலே மறைகுறியாக்கத்துடன் அனுப்புதற்கு 465 உண்டு. கல்லூரிச் சேவையகத்தில் 587 திறந்தேயிருந்தது. எண்ணை மாற்றிய கணமே மறுமொழி சென்றது. அன்றிரவே இசைவும் வந்தது.

அன்று அவர் சொன்ன குறிகள் எல்லார்க்கும் பயன்படும். நெடுநேரம் காத்தும் விடையில்லையேல், பெரும்பாலும் இடைவழியில் தடை. உடனே மறுப்பு வரின், அத்துறையில் ஏற்பாரில்லை. சான்றிதழ் பற்றிய எச்சரிக்கை தோன்றின், அதிலுள்ள பெயரையும் காலவெல்லையையும் நம் கணினி காட்டும் நாளையும் ஒப்பிடவேண்டும். ஆராயாது ஏற்றல் ஆபத்து. கடவுச்சொல் பிழையென்று வரின், வழி முழுதும் நன்று. நாம் வாயிலை அடைந்துவிட்டோம்.

எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுபவர்க்கு எது பிழையென்பது என்றும் புலப்படாது. எது சரியென்று முதலில் அறிந்து ஒதுக்குவோர்க்குப் பிழை தானே அகப்படும். மாணவர்களே, இலக்கணத்திலும் இதுவே வழி.