ஒரு கிலோ நூற்று இருபது கிராம்

அப்பா முடிச்சூர் சாலையில் இருபத்தாறு வருஷம் மளிகைக்கடை வைத்திருந்தார். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் முதலில் அது கடைத் தராசில் ஏறி இறங்க வேண்டும். பிரஷர் குக்கர், என் கல்லூரிப் பை, அக்கா குழந்தை, எதுவும் தப்பியதில்லை. எடை தெரியாத பொருள் அவருக்குப் பாதிப் பொருள்தான்.

அந்தத் தராசில் மூன்று லேப்டாப்கள் ஏறியிருக்கின்றன. நான் எழுத நினைத்தது இரண்டாவதைப் பற்றி மட்டும்தான். ஆனால் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு அதைப் பேச முடியாது என்று எழுத ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

2021 ஜூலையில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. சம்பளம் பெரிதாக ஏறவில்லை. லேப்டாப் மாறியது. எங்கள் ஆபீஸில் யார் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்பதை லேப்டாப்பின் தடிமனை வைத்தே சொல்லிவிடலாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பதினைந்தரை இஞ்ச் பலகை, செங்கல் மாதிரி சார்ஜரோடு. லீட் ஆனால் மெலிசு. அதற்கு மேலே போனால் இன்னும் மெலிசு. அது எந்தக் கம்பெனி தயாரிப்பு என்று சொல்லப்போவதில்லை. அந்த விலையில் யார் செய்தாலும் கதை கிட்டத்தட்ட இதுதான்.

அப்பா தராசில் வைத்தார். 1.120.

"ஒன்னு நூத்தி இருபது. என்ன விலைம்மா?"

"ஒன்னரை லட்சத்துக்கிட்ட வரும்பா. கம்பெனியோடது."

மனசுக்குள் கணக்குப் போட்டார். "அப்போ நூறு கிராம் பதிமூவாயிரத்துச் சொச்சம். முந்திரியெல்லாம் பக்கத்துலயே வர முடியாது. ஏலக்காயும் வராது. குங்குமப்பூ ஒன்னுதான் இதைவிட ஜாஸ்தி."

சிரித்தேன். ஆனால் அந்த நூறு கிராம் கணக்கு சும்மா வந்ததில்லை. அதுவரை நான் சுமந்த ஆபீஸ் லேப்டாப் 2.4 கிலோ. அதோடு சார்ஜர், டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில், குடை. முடிச்சூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் மேற்குத் தாம்பரம் வந்து, ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறி, அத்தனை பிளாட்பாரத்தையும் தாண்டி, கிழக்குப் பக்கம் இறங்கி, கேம்ப் ரோடு, மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அநேகமாக நின்றுகொண்டேதான் பயணம். இரண்டு வருஷத்தில் வலது தோள்பட்டை கழன்றுவிட்டது. டாக்டரிடம் போனபோது கழுத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே அவர் கேட்ட முதல் கேள்வி, "பையில என்ன வச்சிருக்கீங்க?"

ஆகவே எடை குறைவு என்பதை ஆடம்பரம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காரில் போகிறவருக்கு அது ஆடம்பரம். மேம்பாலத்தில் ஏறி இறங்குகிறவருக்கு அது எலும்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

இந்த மெலிவு எப்படி வந்தது என்பது ஒரு தனிக் கதை. 1992இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் திங்க்பேட் மடிக்கணினிகளில் ஒன்றான 700சி ஏறக்குறைய 2.9 கிலோ. ஜப்பானியர்களின் மதிய உணவுப் பெட்டியை மனதில் வைத்து அந்தக் கறுப்புப் பெட்டியின் வடிவத்தை உருவாக்கியவர் ரிச்சர்ட் சாப்பர். 2005இல் ஐபிஎம்மின் பர்சனல் கம்ப்யூட்டர் பிரிவு லெனோவோ கைக்குப் போனது. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவியெடுத்துக் காட்டினார். 1.36 கிலோ. ஆபீஸ் லேப்டாப் செய்கிறவர்கள் எல்லோரையும் அந்த உறை உறுத்தியிருக்க வேண்டும். 2012இல் கார்பன் ஃபைபர் உடம்போடு வந்த திங்க்பேட் எக்ஸ்1 கார்பனும் அதே 1.36 கிலோதான். பத்து வருஷத்துக்குள் அந்த வகை 1.1 கிலோவைத் தொட்டுவிட்டது. முப்பது வருஷத்தில் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக அல்ல, முழுசாக ஒன்றே முக்கால் கிலோ கரைந்திருக்கிறது. அப்பா கேட்டால், "எங்கேருந்து எடுத்தான்?" என்பார். வியாபாரியின் கேள்வி. எடை குறைந்தால் எதையோ எடுத்திருக்கிறான் என்று அர்த்தம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீபோர்டு அருமை. நாள் முழுக்கத் தட்டினாலும் விரல் வலிக்காது. திரை பளபளப்பில்லாத ரகம், மொட்டை மாடியில் வெயில் அடித்தாலும் எழுத்து தெரியும். மூடியைத் திறந்த இரண்டு விநாடியில் விழித்துக்கொள்ளும். போனுக்கும் அதற்கும் ஒரே டைப்-சி சார்ஜர் போதும். மே மாதம் எங்கள் தெருவில் கரண்ட் போனால் மதியம்வரை கவலைப்பட வேண்டாம்.

இனி எங்கேயிருந்து எடுத்தார்கள் என்பது. ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள். சாக்கெட் இருந்தால் உயரம் கூடும், அது ஒரு காரணம். குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற எல்பிடிடிஆர் வகை ரேமுக்கு சிக்னல் போகும் பாதை குட்டையாக இருக்க வேண்டும், நடுவில் சாக்கெட் வந்தால் ஒத்துவராது, இது இன்னொரு காரணம். பேட்டரி நீடித்து உழைப்பதற்கு இந்தப் பற்றவைப்பும் ஒரு காரணம் என்பதால் முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் வாங்கும்போது 8 ஜிபி என்றால் சாகிறவரை 8 ஜிபி. ஒரு சில்லு கெட்டால் போர்டே போச்சு. அடுத்தது சூடு. மெல்லிய உடம்புக்குள் மெல்லிய விசிறிதான் வைக்க முடியும். தாம்பரத்துச் சித்திரை மாதத்தில் ஏசி இல்லாத அறையில் ஒரு வீடியோ கால், பின்னால் ஒரு பெரிய எக்செல் ஷீட் என்று ஓட்டிப்பாருங்கள். சூடு ஏறியதும் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளம்பரத்தில் சொன்ன வேகம் முதல் சில நிமிஷத்துக்குத்தான். எப்போதும் சார்ஜரில் போட்டு 100 சதவீதத்திலேயே வைத்திருந்தால், இந்த வெயிலில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். 80இல் நிறுத்தும் வசதி உள்ளேயே இருந்தது. எனக்கு அது தெரிய ஒன்றரை வருஷம் ஆனது.

இதெல்லாம் யூட்யூபில் யாரும் சொல்வதுதான். நான் சொல்ல வந்த குறை வேறு. அதற்கு முதல் லேப்டாப்புக்குப் போக வேண்டும்.

அது அரசு கொடுத்தது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா ஆரம்பித்துவைத்த திட்டம். அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்த எனக்கு 2012இல் கிடைத்தது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி டிஸ்க், விண்டோஸ் ஒரு பக்கம், பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம். தராசில் 2.3 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. "சர்க்கார் சரக்கு, எடை குறையாது" என்றார் அப்பா, பெருமையாக. நான்கு வருஷ இன்ஜினியரிங்கை அதில்தான் ஓட்டினேன். ரேம் போதவில்லை என்றதும் அடியில் இரண்டு ஸ்குரூவைக் கழற்றி நானே இன்னொரு 2 ஜிபி போட்டேன். உள்ளே எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்தது. கடையில் அரிசி மூட்டைகள் ஊறி உப்பின. லேப்டாப்பைப் பரண்மேல் வைத்துவிட்டுத்தான் பக்கத்து மாடிக்குப் போனோம், ஆனாலும் ஓதத்தில் செத்துவிட்டது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன சர்வீஸ் கடைக்காரர் முழுக்கப் பிரித்து, போர்டைக் கழுவிக் காயவைத்து, கீபோர்டை மட்டும் மாற்றி, ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு உயிர் கொடுத்தார். என் கடைசி செமஸ்டர் புராஜெக்ட் அதில்தான் முடிந்தது. கடைக்கு எந்த நஷ்டஈடும் ஒழுங்காக வராத அந்த மாதத்தில், வீட்டில் திரும்பி வந்த ஒரே பொருள் அதுதான்.

கனமான பொருளுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது வைத்த இடத்தில் இருக்கும். 2020 ஊரடங்கில் அந்த 2.4 கிலோ ஆபீஸ் லேப்டாப் எங்கள் ஹாலில் டைனிங் டேபிளில்தான் இருந்தது. தூக்க சோம்பல்பட்டே அங்கேயே உட்கார்ந்து வேலை செய்தேன். இரவு சாப்பாட்டுக்கு அம்மா டேபிளைக் கேட்பார். மூடித்தான் ஆக வேண்டும். மூடினால் அன்றைக்கு வேலை முடிந்தது.

1.120 வந்த பிறகு டேபிள் தேவைப்படவில்லை. மாடிக்குப் போனது, சமையலறைக்குப் போனது, படுக்கைக்கு வந்தது. அத்தை பெண் கல்யாணத்துக்கு மதுராந்தகம் போனபோது புடவைகளுக்கு நடுவில் வந்தது. யாரும் என்னை எடுத்துவரச் சொல்லவில்லை. "வெயிட்டே இல்லையே, இருக்கட்டும்" என்று நானேதான் பையில் போட்டேன். எடுத்துக்கொண்டு போவதற்குக் கஷ்டம் என்ற ஒரே சாக்கும் போய்விட்டது. இருக்கிறது என்று தெரிந்தால் ஆபீஸிலும் கேட்பார்கள்தானே?

2022 ஆகஸ்டில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாவது நாள் ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். அன்றிரவு நான்தான் துணைக்கு. மறுநாள் ஒரு ரிலீஸ் இருந்தது. லீவு சொல்லியிருந்தேன், ஆனாலும் லேப்டாப் பையில் இருந்தது. ராத்திரி ஒன்றரை மணிக்கு நர்ஸ் வந்து, காலையில் கொடுக்க வேண்டிய ஒரு மாத்திரையைப் பற்றி என்னிடம் ஏதோ சொன்னார். ஒரு காதில் இயர்போன். தலையாட்டினேன். காலையில் அம்மா வந்து கேட்டபோது என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் ஷிஃப்ட் மாறிப் போயிருந்தார். டியூட்டி டாக்டரைத் தேடிப் பிடித்துச் சீட்டைப் பார்த்துச் சரிசெய்ய முக்கால் மணி நேரம். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தை நான் இன்னும் இறக்கிவைக்கவில்லை.

அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது சாதாரணமாகத்தான் கேட்டார்: "கனமே இல்லன்னு சொன்னியே பாப்பா, அப்புறம் ஏன் அதைக் கீழயே வைக்க மாட்டேங்குற?"

அடுத்த வருஷம் மே மாதம் ஆட்குறைப்பு. பதினைந்து நிமிஷ வீடியோ கால், அந்த லேப்டாப்பிலேயே. நான்கு நாளில் கூரியர்காரர் வந்து அட்டைப்பெட்டியில் போட்டு வாங்கிக்கொண்டு போனார். பதவி உயர்வாக வந்தது, எனக்குச் சொந்தமாக ஒரு நாளும் இருந்ததில்லை. அதில் எழுதிவைத்திருந்த இரண்டு அரைகுறைக் கதைகளை நகலெடுக்கக்கூட நேரமில்லை, கால் முடியும்போதே லாக் ஆகிவிட்டது. என்னுடையவற்றை ஆபீஸ் லேப்டாப்பில் வைத்தது என் தப்புதான்.

ஃப்ரீலான்ஸ் வேலைக்கு ஒன்று வேண்டும் என்று ரிச்சி தெருவுக்குப் போனேன். பெரிய கம்பெனிகள் மூன்று, நான்கு வருஷம் பயன்படுத்திவிட்டு மொத்தமாகக் கழித்துவிடுகிற பிசினஸ் லேப்டாப்கள் துடைத்துப் பாலிஷ் போட்டு அங்கே வரும். கடைக்காரர் இரண்டை எடுத்துவைத்தார். ஒன்று நான் திருப்பிக் கொடுத்ததன் தங்கை மாதிரி, மெலிசு, 34,000. இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் தடிமன், 28,000.

"இது 8 ஜிபிதான் மேடம், ஏத்த முடியாது, போர்டோட ஒட்டினது. அதுல ஒரு ஸ்லாட் சும்மா இருக்கு, எப்ப வேணும்னாலும் போட்டுக்கலாம். பேட்டரியும் நீங்களே மாத்திக்கலாம். ஆனா வெயிட்டு."

இரண்டையும் இரண்டு கையில் பிடித்துப் பார்த்தேன். வலது தோள் மெலிசைத்தான் கேட்டது. மெலிவும் பழுதுபார்ப்பும் ஒன்றாக வரவே முடியாது என்பதும் இல்லை. 2024இல் வந்த திங்க்பேட் பி1இல் அதே எல்பிடிடிஆர் ரேமை ஸ்குரூ போட்டுக் கழற்றி மாட்டும்படி செய்துவிட்டார்கள். பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு 2022 ஜூலையில் ஒரு குழுவும் அமைத்தது. ஆனால் அன்றைக்கு ரிச்சி தெரு மேஜையில் இருந்தவை இந்த இரண்டுதான். தடிமனை வாங்கினேன்.

கடையை அதற்குள் மூடிவிட்டோம். தராசு மட்டும் வீட்டில் அலமாரிக்குப் பக்கத்தில், துணி போர்த்தி. அப்பா துணியை எடுத்து, பிளக்கைச் சொருகி, லேப்டாப்பை வைத்தார். 1.640.

"பரவால்லியே, கைக்கு ஒரு பிடிமானம் இருக்கு."

அதில்தான் இதை எழுதுகிறேன். எட்டு மாதம் கழித்து கிண்டியில் வேலை கிடைத்தது. சொந்த லேப்டாப்பையே கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் தாம்பரத்திலிருந்து மின்சார ரயில். யாரும் எழுந்திருக்காத நாட்களில் அந்த அரைக் கிலோ வித்தியாசம் தோளில் நன்றாகவே தெரிகிறது. அப்போதெல்லாம் 1.120ஐ நினைத்துக்கொள்வேன், பொய் சொல்லவில்லை. உங்களில் யாராவது அப்படி ஒன்றை வாங்க நினைத்தால் வாங்குங்கள், நல்ல பொருள்தான். 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். சார்ஜை 80இல் நிறுத்துங்கள். சொந்த எழுத்தை வேறு இடத்திலும் வையுங்கள்.

போன வாரம் அப்பாவை செக்கப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிளம்பும்போது என் பையைத் தூக்கிப் பார்த்தார். தண்ணி பாட்டிலும் ஃபைலும் மட்டும்தான். ஒன்றும் சொல்லாமல் தோளில் அவரே மாட்டிக்கொண்டார்.