வலி வந்தால் மட்டும்

இந்தியாவில் மருந்துச் சீட்டுக்கென ஒரு தனி மொழி உண்டு. 1-0-1 என்றால் காலையும் இரவும். 1-1-1 என்றால் மூன்று வேளையும். இந்த எண்களுக்குக் கீழே, பெரும்பாலும் வலி மாத்திரையின் பெயருக்கு எதிரே, எஸ்.ஓ.எஸ். என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். 'தேவைப்பட்டால்' எனப் பொருள்படும் 'சி ஓபுஸ் சிட்' என்ற லத்தீன் தொடரின் சுருக்கம் அது. மருந்துக் கடைக்காரர் அதை 'வலி வந்தால் மட்டும் போடுங்கள்' என்று சொல்லிக் கொடுக்கிறார். வீடு வந்து சேர்வதற்குள் அந்த வாசகம் இன்னும் ஒரு சுற்று இறுகி, 'தாங்கவே முடியாவிட்டால் மட்டும்' என்று ஆகிவிடுகிறது. மூழ்கும் கப்பல் அனுப்பும் அபாயக் குறிப்புக்கும் இதே எழுத்துகள் அமைந்தது தற்செயல். ஆனால் பல வீடுகளில் அந்த மாத்திரை அப்படித்தான் பயன்படுகிறது.

சாதாரணத் தலைவலிக்கும் ஒருநாள் உடம்புவலிக்கும் இம்முறையால் கேடில்லை. புற்றுநோய், மூட்டுத் தேய்மானம், நீரிழிவு தரும் நரம்பு எரிச்சல், பக்கவாதத்துக்குப் பிந்தைய தோள்வலி என விட்டு நீங்காத வலிகளில்தான் சிக்கல் எழுகிறது. புற்றுநோய் வலிக்கென உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் அடிப்படை விதிகள் மிக எளியவை: இயன்றவரை வாய்வழி மருந்து, கடிகாரப்படி மருந்து, வலியின் கடுமைக்கேற்பப் படிப்படியாக மருந்து. இவற்றுள் வீட்டாரின் கையில் இருப்பது இரண்டாவது விதி. நான்கு மணி நேரம் வேலை செய்யும் மருந்தை, வலி மீண்டும் தலைதூக்கும் முன்பே அடுத்த முறை கொடுத்துவிட வேண்டும். உச்சிக்கு ஏறிய வலிக்கு மருந்து கொடுத்தால், அது உடலில் கலந்து பலன் தரும்வரை நோயாளி துடித்துக் கிடக்கிறார். அடுத்த வேளையைப் பற்றிய அச்சமும் வலியோடு சேர்ந்துகொள்கிறது. எஸ்.ஓ.எஸ். மருந்துக்கும் இந்த ஏற்பாட்டில் இடம் உண்டு. வேளைகளுக்கு இடையே திடீரென எழும் வலிக்கும், புண்ணுக்குக் கட்டு மாற்றுவதற்கு அரைமணி நேரம் முன்பும் அது உதவும். கடிகார மருந்தோடு சேரும் கூடுதல் மருந்தாகவே அதைக் கொள்ள வேண்டும்.

இவ்வளவு எளிய விதி வீடுகளில் ஏன் நடைமுறைக்கு வருவதில்லை? முதற்காரணம், பொறுமைக்கு நம் பண்பாடு அளிக்கும் மதிப்பு. தமிழில் 'வலி' என்ற சொல்லுக்கே நோவு என்றும் வலிமை என்றும் இரு பொருள் உண்டு. 'ஒரு வார்த்தை முனகியதில்லை' என்பது இறந்தவரைப் பற்றிச் சொல்லப்படும் பெரும் புகழுரை. அந்தப் புகழுரைக்கு உரியவர் எத்தனை இரவுகள் உறங்காமல் கிடந்தார் என்பதை எவரும் கணக்கிடுவதில்லை. முனகுவோருக்கே மாத்திரை என்ற ஏற்பாட்டில், முனகாதவருக்கு மருந்து கிடைப்பதில்லை. வீட்டாருக்குத் தொல்லை தரக் கூடாது என்று எண்ணும் முதிய பெண்களே இவ்வகையில் மிகுதியும் விடுபட்டுப் போகிறார்கள்.

இரண்டாவது காரணம் மருந்தின் மேலுள்ள அச்சம். 'வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும்' என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவற்றை மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் இதயத்துக்கும் கேடு தரக்கூடும். முதியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் அபாயம் கூடுதல். பாராசிட்டமால் வேறு வகையைச் சேர்ந்தது. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளில் 4 கிராம் என்பது அதன் மேல்வரம்பு. உடல் மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் மது அருந்துவோருக்கும் வரம்பு இன்னும் குறைவு. சளி, காய்ச்சலுக்கென விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருப்பதால், இரண்டையும் சேர்த்துப் போடும் வீடுகளில் அறியாமலே அளவு மீறுகிறது. ஆகவே அஞ்ச வேண்டியது எந்த மருந்துக்கு, எவ்வளவுக்கு என்று பிரித்து அறிவது வீட்டுச் செவிலியத்தின் முதற்பாடம். எல்லா மாத்திரைகளையும் ஒரே 'சூடு' என்ற சொல்லில் அடக்கும்போது, வேண்டாததை விழுங்குவதும் வேண்டியதை மறுப்பதும் ஒரே வீட்டில் நிகழ்கின்றன.

மார்ஃபின் என்ற பெயர் இந்த அச்சத்தின் உச்சம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்தோடு அபினிச் செடி பயிரிடப்படுகிறது. அப்படி விளைவிக்கும் நாட்டிலேயே நோயாளிக்கு மார்ஃபின் மாத்திரை அரிதாகிப் போனதற்கு 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் ஒரு முக்கியக் காரணம். ஒரே மருந்துக்குப் பல துறைகளின் உரிமங்களை வாங்க வேண்டியிருந்ததால் மருத்துவமனைகள் அதை வைத்திருப்பதையே தவிர்த்தன. 2014-இல் வந்த திருத்தம் அந்த நடைமுறையை எளிதாக்கியது. சட்டம் தளர்ந்த பின்னும் வீட்டாரின் மனம் தளரவில்லை. மார்ஃபின் என்றால் 'கடைசி மருந்து' என்றும், கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்றும் அஞ்சி, எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பெட்டியிலேயே வைத்திருப்போர் உண்டு. மருத்துவர் மேற்பார்வையில், வலிக்கேற்ற அளவில், வாய்வழியாகத் தரப்படும் மார்ஃபினால் நோயாளி போதைக்கு அடிமையாவது அரிது. முதல் சில நாள்களின் குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் தாமே தணியும். தணியாதது மலச்சிக்கல். அதனால்தான் மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும் என்பது விதி. வீட்டில் இந்த ஒன்றைக் கவனிக்காமல் விட்டால், வலி தீர்ந்தவர் வயிற்று உப்புசத்தால் வாடி, 'இந்த மருந்தே வேண்டாம்' என்று சொல்லிவிடுவார்.

இந்த அறிவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த முயற்சிகளில் கேரளத்தின் அனுபவம் குறிப்பிடத்தக்கது. 'பாலியேட்டிவ் கேர்' எனப்படும் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கான சங்கம் 1993-இல் கோழிக்கோட்டில் உருவானது. மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகியோர் அதன் தொடக்கத்தில் இருந்தவர்கள். பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் ஊர்மக்களே தொண்டர்களாகப் பயிற்சி பெற்று, செவிலியருடன் வீடு வீடாகச் செல்லும் முறை வேரூன்றியது. 2008-இல் மாநில அரசு இதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது. உள்ளாட்சி அமைப்புகள் வீட்டுப் பராமரிப்பை ஏற்று நடத்தத் தொடங்கின. வருகை தரும் செவிலியர் மருந்தைக் கொடுத்துவிட்டுப் போவதோடு நிற்பதில்லை. அடுத்த வருகைவரை அந்த வீடு என்ன செய்ய வேண்டும் என்பதைச் செய்துகாட்டிவிட்டுப் போகிறார்.

அவர் கற்றுத்தருபவை சிறிய செயல்கள். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது. சிவந்த தோலைத் தேய்க்காமல் விடுவது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் காப்பது. உலர்ந்த வாயை ஈரத் துணியால் அடிக்கடி துடைப்பது. மூச்சுத் திணறுபவரைச் சற்று முன்சாய்த்து உட்காரவைத்து, முகத்தில் காற்றுப் படும்படி விசிறியைத் திருப்புவது. புற்றுநோய்ப் புண்ணின் துர்நாற்றத்துக்கு, மருத்துவர் சொன்னபடி மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டுவது. நாற்றம் குறைந்த அன்று பேரப்பிள்ளைகள் மீண்டும் கட்டிலருகே வருவார்கள்; எந்த வலிநீக்கியும் தராத ஆறுதல் அது. எச்சரிக்கைகளும் உண்டு. நீரிழிவால் உணர்ச்சி மரத்துப்போன பாதத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கூடாது. சுடுவது அவருக்குத் தெரியாது, கொப்புளம் எழுந்த பிறகே வீட்டாருக்குத் தெரியும்.

இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். நேரம், மருந்து, 0 முதல் 10 வரையிலான அளவில் வலி, மலம் கழிந்ததா, உறக்கம் எப்படி என்று ஐந்து பத்திகள் போதும். ஐந்து நிமிடமே கிடைக்கும் மருத்துவரிடம், 'ரொம்ப வலிக்குது' என்ற சொல்லைவிட, விடியற்காலை மூன்று மணிக்கு நாள்தோறும் எட்டைத் தொடும் வலி என்ற குறிப்பு பெரிதும் பயன்படும்.

எண்ணுக்கு அடங்காதவற்றைச் சொல் காட்டும். ரொனால்டு மெல்சாக் 1975-இல் வெளியிட்ட மெகில் வலி வினாப்பட்டியல், நோயாளிகள் வலிக்கு இடும் சொற்களைத் திரட்டி வகைப்படுத்திய முயற்சி. தமிழிலும் அச்செல்வம் குறைவின்றி உண்டு: குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, எரிச்சல், சுரீரென்பது, விண்விண்ணென்பது. எரிகிறது, ஊசி குத்துகிறது, மின்சாரம் பாய்கிறது என்பவை நரம்பு வலியின் அடையாளங்கள். அதற்கான மருந்துகள் பெரிதும் வேறு. மும்பை பரேல் பகுதியில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கென நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்து, நடைபாதையிலும் தங்கிக் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அங்கே குடைச்சலும் எரிச்சலும் 'தர்த்' என்ற ஒற்றை இந்திச் சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. வீட்டுச் செவிலியம் பற்றிய அறிவுரை எதுவும் ஒரு வீட்டை முன்கூட்டியே கற்பனை செய்துகொள்கிறது: குழாய்நீர், கழிப்பறை, மின்விசிறி, கைமாற்ற இன்னொரு ஆள். இவை இல்லாதவர்களுக்கு அறிவுரை மட்டும் தருவது பாதி உதவிகூட ஆகாது.

சொல்லே இல்லாதவர்களும் உண்டு. மறதி நோய் முற்றிய முதியவர் 'வலிக்கிறது' என்று சொல்லமாட்டார். உண்ண மறுப்பார், தொட்டால் கையைத் தட்டிவிடுவார், இரவில் கத்துவார். பிடிவாதம் என்று வீட்டார் எடுத்துக்கொள்வது பல நேரம் ஆற்றப்படாத வலி. நெற்றிச் சுளிப்பையும் மூச்சின் வேகத்தையும் பார்த்தறிய அவரை அன்றாடம் குளிப்பாட்டுபவரால்தான் இயலும்.

அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். ஆய்வுக் கட்டுரைகளில் 'முதன்மைப் பராமரிப்பாளர்' என்று அட்டவணையின் ஒரு வரியில் நின்றுவிடுகிறவர். இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பவரின் இடுப்பும், நான்கு மணிக்கு ஒருமுறை எழுபவரின் உறக்கமும் மருந்துச் சீட்டில் இடம்பெறுவதில்லை. நள்ளிரவு வேளையைத் தவிர்க்கும்படி உறங்கும்முன் தரும் மார்ஃபின் அளவை மருத்துவர் கூட்டி எழுதும் வழக்கம் ஒன்று உண்டு. அது நோயாளிக்கும் அவருக்கும் சேர்த்தே உறக்கம் தரும். வாரத்தில் ஒரு பகல் வேறொருவர் பொறுப்பேற்பதும் சிகிச்சையின் பகுதியே. கடிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர் களைத்து வீழ்ந்தால் மருந்து முறையும் அவரோடு வீழும்.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவையும் உண்டு. முதுகுவலியோடு கால்கள் திடீரெனத் தளர்வது அல்லது சிறுநீர் நின்றுபோவது, நெஞ்சை அழுத்தும் வலி, இதுவரை கண்டிராத கடுந்தலைவலி, காய்ச்சலோடு நினைவு தடுமாறுவது ஆகியவற்றில் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

மற்ற நாள்களுக்கு, எஸ்.ஓ.எஸ். என்று எழுதிய சீட்டு கைக்கு வரும்போது எழுந்து விடாமல் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. இந்த வலி தொடர்ந்து இருக்கும் வலியா, அப்படியானால் இதை நேரப்படி கொடுக்கலாமா? ஒரு நாளில் அதிக அளவு எத்தனை? இதோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாத மாத்திரை எது? கொடுத்தும் தணியாவிட்டால் யாரை அழைப்பது? கேட்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும். விடைகளை எழுதிக்கொள்ளச் சீட்டின் பின்பக்கம் போதும்.