பதினஞ்சாயிரத்துக்குள்ளே ஒரு ரேஸ் சைக்கிள்!

ஆபீஸில் பைக் வாங்கப் போகிறேன் என்று சொன்னால், 'மைலேஜ் எவ்வளவு?' என்பார்கள். கார் என்றால், 'மாசத் தவணை எவ்வளவு?' என்பார்கள். சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்து, 'ஏன் சார், வீட்ல ஏதாவது பிரச்னையா?' என்பார்கள்.

அதிலும் ரேஸ் சைக்கிள் என்றால் கேட்கவே வேண்டாம். ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், விரல் மொத்தத்துக்கு டயர், கேரியர், ஸ்டாண்டு, மக்கார்டு எதுவும் இல்லாத பரதேசிக் கோலம். இப்போது இதற்கு 'ரோடு பைக்' என்று பெயர். ஆடை ஆபரணம் குறையக் குறைய விலை ஏறுகிற வஸ்து உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நம்ம நண்பர் ஒருவருக்கு இந்த ஆசை வந்தது. அம்பத்தூர்வாசி. கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். வயது 34. ஆசைக்குக் காரணம் டாக்டர். "சர்க்கரை உங்க வீட்டு வாசப்படியில நிக்குது. உள்ளே கூப்பிடறதும் விரட்டறதும் உங்க கையில" என்று சொல்லிவிட்டார். நடைப் பயிற்சி நாலு நாளில் அலுத்துவிட்டது. சின்ன வயசில் வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் போட்ட சுகம் ஞாபகம் வந்தது. கையில் சீட்டு எடுத்த பணம் ரூபாய் 15,000. அது ஏற்கெனவே புது கிரைண்டருக்கு என்று வீட்டம்மா கணக்கில் எழுதப்பட்ட பணம்.

அம்மணி ஒரு நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார். "மூணு மாசத்துல அது பால்கனியில சும்மா நின்னுதுன்னா, பழைய பேப்பர்காரருக்குத் தூக்கிப் போட்டுடுவேன். ஆமா!"

ஆக, பணம் ஒரே தடவைதான். தவறினால் சைக்கிளும் இல்லை, கிரைண்டரும் இல்லை. நான் பி.காம். என்பதால் ஆலோசகராக நியமிக்கப்பட்டேன். சம்பளம், டிபன் மட்டும்.

முதலில் ஒரு பளபள ஷோரூம். விற்பனைப் பையன் எங்கள் செருப்பைப் பார்த்தே பட்ஜெட்டைக் கணித்து, நேராக ஒரு சைக்கிளிடம் கூட்டிப் போனான். 21 கியர்! முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன்! ரெண்டு டிஸ்க் பிரேக்! விலை 14,500. "ஜி.எஸ்.டி. கூடக் குறைஞ்சிடுச்சு சார்" என்றான். அது உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு 12 சதவிகிதம் இருந்தது 5 ஆகிவிட்டது.

நண்பர் கண்ணில் நட்சத்திரம். நான் சைக்கிளைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். தூக்கினார், கீழே வைத்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான் சார். 21 கியர் என்பது முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7. மூவேழு இருபத்தொண்ணு. அதில் பாதிக்கு மேல் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ அதே கணக்குதான். மலிவு சஸ்பென்ஷன் என்பது கனமான ஸ்பிரிங். தார் ரோட்டில் நீங்கள் மிதிக்கிற மிதியில் ஒரு பங்கை அது குதித்தே தின்றுவிடும். பதினாலாயிரத்தை இருபத்தோரு கியருக்கும், ரெண்டு ஸ்பிரிங்குக்கும், ரெண்டு டிஸ்க்குக்கும் பங்கு போட்டால் ஃப்ரேமுக்கும் சக்கரத்துக்கும் என்ன மிஞ்சும்? ரோடு பைக்கில் முக்கியமே அந்த ரெண்டும்தான். மற்றதெல்லாம் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம்.

வளைந்த ஹேண்டில்பார் வைத்த நிஜமான ரோடு பைக்கும் அங்கே இருந்தது. விலைச் சீட்டைப் பார்த்த நண்பர், அது டெலிபோன் நம்பரா என்று கேட்டார். வெளியே வந்துவிட்டோம்.

* * *

அடுத்த ஞாயிறு அல்ல, ஒரு சனிக்கிழமை. அம்பத்தூரில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினோம். 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்ட ஊர் அம்பத்தூர். ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் ஊரெல்லாம் ஓடக் காரணமான இடத்திலிருந்து ஒரு மனுஷன் சைக்கிள் தேடி ரயில் ஏறுகிறான். திருப்பதிக்காரர் லட்டு தேடி வெளியூர் போன மாதிரி!

ரயில் போய் நிற்கிற இடம் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். பழைய சாமான்களின் சொர்க்கமாக இருந்த மூர் மார்க்கெட் 1985 மே 30-ல் எரிந்து போனது. இப்போது அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம். பெயர் மட்டும் மிச்சம். அங்கிருந்து ரோட்டைத் தாண்டி, ஜி.எச். பக்கம் வந்து, ஈவ்னிங் பஜார் வழியே ஜனங்களோடு ஜனங்களாக நசுங்கி நடந்தால் ரத்தன் பஜார். மெட்ராஸின் சைக்கிள் பேட்டை.

கடை வாசல்களில் டயர்கள் மாலை மாலையாகத் தொங்குகின்றன. உள்ளே ரிம், போக்ஸ் கம்பி, பெடல், பால்ரஸ், பிரேக் கட்டை. கடைசல் எண்ணெயும் புது ரப்பரும் கலந்த வாசனை. பிடித்தவர்களுக்கு அது சாம்பிராணி.

ஒரு பெரியவர் கடையில் நண்பர் சும்மா விலை விசாரித்தார். "டயர் என்ன வெல, அண்ணே?"

"எந்த சைஸு?"

"28 இன்ச்."

பெரியவர் சிரித்தார். "எந்த 28 நைனா? பால்காரர் 28-ஆ, ரேஸு 28-ஆ?"

அந்த ஒரு கேள்விக்கே நாங்கள் டீ வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். பால்காரர் ஓட்டுகிற கறுப்பு சைக்கிளின் 28 இன்ச் ரிம்முக்கு டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். 700சி என்கிற ரோடு பைக் சக்கரத்துக்கு 622. பழைய காலத்து ரேஸ் சைக்கிள் 27 இன்ச் என்றால் 630. பார்வைக்கு மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றின் டயர் இன்னொன்றில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் 25-622 என்கிற மாதிரி பொடி எழுத்தில் இருக்கும். பழைய ரோடு பைக் வாங்கப் போகிறவர் முதலில் படிக்க வேண்டிய இலக்கியம் அது. 622 என்றால் டயருக்கு அலைய வேண்டாம்.

அன்று நாங்கள் எதுவும் வாங்கவில்லை. டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, கேபிள் என்று விலையை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டோம். 'வாங்காத ஆளுக்கு எதுக்கு இவ்ளோ பேச்சு' என்று பெரியவர் முகம் சொன்னது. ஆனால், அந்தத் துண்டுச் சீட்டுதான் பிறகு நண்பரின் பதினஞ்சாயிரத்தைக் காப்பாற்றியது. காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும்: கொள்முதல் விலை வேறு, அடக்க விலை வேறு. பழைய சைக்கிளில் விற்பவர் சொல்வது முன்னது. நம் பர்ஸ் தாங்க வேண்டியது பின்னது.

* * *

சரி, பழைய ரோடு பைக் எங்கே கிடைக்கும்? 2020-க்குப் போங்கள். கொரோனா ஊரடங்கு. ஜிம் எல்லாம் பூட்டு. திடீரென்று ஊருக்கே சைக்கிள் பைத்தியம் பிடித்தது. கடைகளில் ஸ்டாக் இல்லாமல் காத்திருந்து வாங்கினார்கள். பிறகு ஆபீஸ் திறந்தது. அந்தச் சைக்கிள்கள் எங்கே? ஓ.எம்.ஆர். பக்கம் போய் அண்ணாந்து பாருங்கள். பால்கனிகளில், துண்டும் பனியனும் காயப் போடப்பட்டு, அமைதியாக நிற்கின்றன. நண்பர் வீட்டம்மா பயந்தது இதைத்தான். அவர் பயமே நமக்கு மூலதனம்.

செல்போன் விளம்பரங்களில் தேடலாம். அதைவிட நல்ல வழி அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன். எந்த வீட்டுக்காரர் சைக்கிளைத் தொட்டு எத்தனை வருஷமாச்சு என்பது அவருக்குத்தான் தெரியும்.

பெரும்பாக்கத்தில் ஒன்று பார்த்தோம். சிவப்பு. கீறல் இல்லை. விலை 8,000. நண்பர் பர்ஸைத் தொட்டுவிட்டார். நான் கையைப் பிடித்தேன். காரணம், சைஸ்.

சட்டை வாங்கினால் சைஸ் பார்க்கிறோம், சைக்கிளுக்கும் பார்க்கணும். சுவரில் முதுகை ஒட்டி நின்று, தடிமனான நோட்டு ஒன்றைக் கால்களுக்கு நடுவே முட்டுகிற வரை தூக்கி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். நண்பருக்கு 76 செ.மீ. அதை 0.67-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 51. அதுதான் அவருக்குத் தோதான ஃப்ரேம். (பார் சாய்வாக இருக்கிற ஃப்ரேம் என்றால் கம்பெனியின் உயரப் பட்டியலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.) சிவப்புச் சைக்கிள் 58. நின்றால் பார் இடிக்கும். உட்கார்ந்தால் ஹேண்டில் எட்டாது. ஒரு மாசத்தில் முதுகு வலி, ரெண்டாம் மாசம் பால்கனி, மூன்றாம் மாசம் பேப்பர்காரர். செயினை மாற்றலாம், சீட்டை மாற்றலாம், ஃப்ரேமின் உயரத்தை மாற்ற எந்த மெக்கானிக்காலும் முடியாது.

நண்பர் பஸ்ஸில் என்னோடு பேசவில்லை.

நாவலூரில் இன்னொன்று. சாம்பல் நிறம், தூசி கனம், 51 சைஸ். கேட்ட விலை 13,000. கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர். "இருநூறு கிலோமீட்டர்தான் ஓட்டியிருக்கேன் சார்" என்றார். நான் பையிலிருந்து பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்தேன். செயினில் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், 12-வது அங்குலம் இன்னொரு பின்னின் நடுவில் டாண் என்று உட்கார வேண்டும். 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றணும். 1/8 தள்ளியிருந்தால் பின் பல்சக்கரமும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இங்கே சரியாக உட்கார்ந்தது. இளைஞர் சொன்னது பொய்யில்லை. ஆனால், கடல் காற்றில் செயின் முழுக்கத் துரு.

சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி ஆடுகிறதா என்று பார்த்தோம். லேசான பெண்டு, எடுத்துவிடலாம். கிராங்க்கைப் பக்கவாட்டில் அசைத்தோம், ஆட்டமில்லை. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளினோம். கழுத்தில் லொடலொட இல்லை. ஃப்ரேமின் பற்றவைப்புகளில் மயிரிழை விரிசலாவது இருக்கிறதா என்று டார்ச் அடித்தோம், இல்லை. டயர் ரெண்டும் வெயிலில் வெடித்து, பாட்டி கன்னம் மாதிரி சுருங்கியிருந்தது.

கடைசியாக பில். கிராங்க்குக்கு அடியில் ஃப்ரேம் நம்பர் குத்தியிருக்கும். பில்லில் அது இருந்தால் ஒப்பிடுங்கள். பில்லும் இல்லை, பேச்சிலும் முழுங்கல் என்றால் நடையைக் கட்டுங்கள். திருட்டுச் சொத்து என்று தெரிந்தோ, அப்படிச் சந்தேகிக்கக் காரணம் இருந்தோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவு காத்திருக்கிறது. இளைஞரிடம் பில் இருந்தது. நம்பர் ஒத்துப்போனது.

துண்டுச் சீட்டை நீட்டினேன். டயர் ரெண்டு 1,600, டியூப் 500, செயின் 550, பிரேக் கட்டை 250, கேபிள் 400, ஓவராயிலிங் கூலி 600. ஆகமொத்தம் 3,900. "இது நாங்க செய்தாகணும் தம்பி. நீங்களே கழிச்சுச் சொல்லுங்க." பேரம் என்பது தொண்டையால் செய்கிற காரியம் அல்ல, சீட்டால் செய்கிற காரியம். 9,500-க்கு முடிந்தது. கூடவே தூசி படிந்த பம்ப் ஒன்று இலவசம். பனியன்களை அவரே எடுத்துக்கொண்டார்.

அடக்க விலை 13,400. ஹெல்மெட்டும் விளக்கும் 1,400. மொத்தம் 14,800. கையிருப்பு 200. பேலன்ஸ் ஷீட் டேலி!

அம்பத்தூரில் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் ரெண்டு நாள் எடுத்துக்கொண்டார். பழைய கிரீஸை வழித்து, பால்ரஸ் கழுவி, பெண்டு எடுத்து, கியரை டிக் டிக் என்று விழ வைத்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மணி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, டயர்ல பாதியக் காணோம். இதுக்கா பதினஞ்சாயிரம்? முழுசா இருக்கறதாப் பார்த்து வாங்கியிருக்கலாமே!"

* * *

ஒரு மாசம் எஸ்டேட் ரோட்டில் பழகிவிட்டு, ஒரு ஞாயிறு விடிகாலை நண்பர் ஈ.சி.ஆர். கிளம்பினார். நான் பின்னால் ஸ்கூட்டரில். (எழுத்தாளனின் வீரம் அவ்வளவுதான்.) திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி... ஞாயிற்றுக்கிழமை விடியலில் அந்த ரோடு சைக்கிள்காரர்கள் சொத்து. லட்ச ரூபாய் சைக்கிள்கள் சர் சர்ரென்று தாண்டின. நண்பர் யாரையும் துரத்தவில்லை. முட்டுக்காடு பாலத்தில் எதிர்க்காற்று பிடித்து இழுத்தது. குனிந்து வளைந்த ஹேண்டிலின் கீழ்ப்பகுதியைப் பிடித்தார். அந்த வளைவு எதற்கு என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. முகத்தில் பத்து வயசுப் பையன் சிரிப்பு.

வழியில் ஒரு டீக்கடை. பளபளச் சைக்கிள்களின் பக்கத்தில் சாம்பல் சைக்கிளும் சுவரில் சாய்ந்தது. வண்ணச் சட்டை அணிந்த ஒருவர் அதை எட்டிப் பார்த்து, "நல்ல ஃப்ரேம் சார், எங்கே வாங்கினீங்க?" என்றார்.

"பால்கனியில" என்றார் நண்பர். கையிருப்பு இருநூறில் அன்று இட்லி சாப்பிட்டோம்.

அம்மணியின் மூன்று மாசக் கெடுவில் இன்னும் ஒரு மாசம் பாக்கி இருக்கிறது. பழைய கிரைண்டர், பெல்ட் மாற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. சைக்கிளும் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய பேப்பர்காரர் மட்டும் அந்த வீட்டு வாசலில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்று குரல் கொடுப்பதாகக் கேள்வி.