திறப்புக் கோர்வை

எங்கள் பாடசாலை மதிலுக்கு அப்பால் ஒரு பாலர் பாடசாலை இருக்கிறது. தகரக் கூரை, இரண்டு நீள மேசை, இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரேயொரு டீச்சர். உயர்தரம் எழுதிய கையோடு வந்தவர். பெற்றோர் மாதாமாதம் கொடுக்கும் காசுதான் அவருடைய சம்பளம். அதுவும் எல்லா மாதமும் முழுமையாக வந்து சேருவதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு காலை, இடைவேளை மணி அடிக்கும் நேரம், அவர் மதிலருகே நின்று கத்தினார்.

"சேர், ஓடி வாங்க! புள்ளைக்கு என்னமோ செய்யுது!"

ஓடினேன். நான்கு வயதுப் பையன் பாயில் விறைத்துக் கிடந்தான். கண்கள் மேலே செருகியிருந்தன. கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. நான் என் பையிலிருந்த திறப்புக் கோர்வையை எடுத்து அவன் கைக்குள் வைத்து அமுக்கினேன். இரும்பு பட்டால் வலிப்பு நிற்கும் என்று உம்மம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். நாக்கைக் கடித்துவிடுவான் என்று கரண்டியொன்றை அவன் பற்களுக்கிடையே திணித்தேன். ஈறு கிழிந்து இரத்தம் வந்தது. டீச்சர் அழுதுகொண்டே அவன் கால்களை அழுத்திப் பிடித்திருந்தார். பிடிக்கச் சொன்னதும் நான்தான்.

இரண்டு மூன்று நிமிடத்தில் இழுப்பு அடங்கியது. முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வைத்தியர் பையனின் வாயைப் பார்த்துவிட்டு, "இதை யார் செய்தது?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்கவில்லை.

"நான்தான் டொக்டர்" என்றார் டீச்சர்.

வைத்தியர் ஏசவில்லை, விளங்கப்படுத்தினார். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு இப்படி வரலாம். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும். பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்த வேண்டும். வாயில் எதையும் வைக்கக்கூடாது, இழுக்கும் கைகாலைப் பிடித்து அமுக்கக்கூடாது. மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. முதல்தரம் வந்ததென்றால், நின்றுவிட்டாலும் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.

ஊரில் கதை வேறு மாதிரிப் பரவியது. டீச்சர் பிள்ளையின் வாயைக் கிழித்துவிட்டாவாம். மூன்று பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அதையும் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருந்தேன், ஒரு கிழமைக்கு மேல்.

ஆசிரியர் கலாசாலையில் பியாஜே படித்தேன், புரோபல் படித்தேன். காய்ச்சலில் இழுக்கும் பிள்ளையை எப்படிக் கிடத்துவது என்று படித்த நினைவில்லை. நமது ஊர்களில் பாலர் பாடசாலையை 'மொண்டிசோரி' என்றே சொல்கிறோம். 1907இல் உரோமில் தன் முதற் பள்ளியைத் திறந்த மரியா மொண்டிசோரி ஒரு வைத்தியர் என்பதைப் பரீட்சைக்காக மனனம் செய்தவன் நான். அதற்கு மேல் யோசித்ததில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பையனின் வாப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. "அந்தப் புள்ளைக்கிட்டப் போய்ச் சொல்லுங்க சேர்" என்றார். போய்ச் சொன்னேன்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுதிக் கேட்டோம். ஒரு சனிக்கிழமை குடும்பநல உத்தியோகத்தர் வந்தார். ஊரிலுள்ள ஒன்பது பாலர் பாடசாலை டீச்சர்மாரும் வந்திருந்தார்கள். வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரை நிறுத்த வேண்டுமென்றே அவர்களில் பலர் நம்பியிருந்தார்கள். நிறுத்தவே கூடாது, ஜீவனி கரைத்து அடிக்கடி கொடுக்க வேண்டும் என்றார் அவர். டெங்குக் காலத்தில் காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர அஸ்பிரினோ இபுபுரோபனோ கொடுத்தால் இரத்தக்கசிவு கூடலாம் என்றும் சொன்னார். கடைசி வரிசையில் கொப்பியோடு நானும் இருந்தேன்.

நின்றுபோன மூன்று பிள்ளைகளில் இருவர் திரும்பி வந்தார்கள். அந்தப் பையன் இப்போது என்னிடம் இரண்டாம் தரத்தில் படிக்கிறான், கணக்கில் கெட்டிக்காரன். டீச்சர் இன்னும் அதே தகரக் கூரையின் கீழ்தான் இருக்கிறார். வைத்தியர் சொன்னவற்றைத் தன் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். சம்பளம்தான் இன்னும் ஒழுங்காக வருவதில்லை.