எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

கைலாசா என்று தனி நாடு அறிவித்த சாமியார் நித்யானந்தா எங்கள் திருவண்ணாமலைக்காரர். வெளியூரில் ஊர்ப்பெயரைச் சொன்னால் முன்பெல்லாம் ரமணாசிரமத்தை விசாரிப்பார்கள், தீபத்துக்கு ரூம் கிடைக்குமா என்பார்கள். 2019-க்குப் பிறகு, “கைலாசாவுக்கு விசா உண்டா?” என்று ஆரம்பித்துவிட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தவன்தான், என் பெயரை ஒரு கமிட்டி அடிக்கும்வரை.

எங்கள் தெரு அம்மன் கோயில் விழாக் கமிட்டியில் பல வருஷமாக இருந்தேன். ஓர் ஆடி மாசம் கூழ் ஊற்றும் நோட்டீஸில் என் பெயர் இல்லை. கேட்டதற்கு, “உங்கள எடுத்தாச்சுண்ணே, கூட்டத்துல முடிவு பண்ணது” என்றான் ஒரு பையன். எந்தக் கூட்டம் என்று அவனுக்கும் தெரியவில்லை. கொதித்துப்போய்த் தெரிந்த வக்கீலிடம் போனேன். சங்கம் பதிவாகியிருக்கிறதா, பைலா உண்டா, உறுப்பினர் பதிவேடு எங்கே என்று வரிசையாகக் கேட்டார். இருந்தது ஒரு கோடு போட்ட நோட்டு, அதுவும் பொருளாளர் வீட்டுப் பரண்மேல். “அப்போ எதுலேருந்து உங்கள நீக்கினாங்கன்னு கோர்ட்ல சொல்றது சார்?” என்றார்.

1975-ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் கூடினாலே பதிவு செய்யலாமாம். செய்திருந்தால் மாவட்டப் பதிவாளரிடமாவது ஒரு மனு கொடுத்திருக்கலாம்.

அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் அக்கா மகன் போனை நீட்டினான். இணையத்தில் படிவம் நிரப்பினால் கைலாசா குடியுரிமை. “மாமா, இதுல சேர்ந்தா இந்தியக் குடியுரிமை போயிடுமா?”

விளையாட்டுக் கேள்வி இல்லை. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவு, விரும்பி இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றவர் இந்தியர் அல்ல என்கிறது. ஆனால் இன்னொரு நாடு என்று ஒன்று இருக்க வேண்டுமே! 1933 மான்டிவிடியோ ஒப்பந்தம் நாட்டுக்கு நான்கு லட்சணம் சொல்கிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவுகொள்ளும் திறன். கடைசியதற்காகக் கைலாசாக்காரர்கள் படாதபாடு பட்டார்கள். அமெரிக்காவின் நியூவர்க் நகரம் 2023 ஜனவரியில் சகோதர நகர ஒப்பந்தம் போட்டுவிட்டு, ஒரே வாரத்தில் ரத்து செய்தது. அடுத்த மாதமே ஜெனீவாவில் ஐ.நா. குழுக் கூட்டங்களில் அவர்கள் பேசினார்கள். அந்தப் பேச்சைக் கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றது ஐ.நா. அலுவலகம். பராகுவேயில் கைலாசாவோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதிகாரிக்குப் பதவியே போயிற்று.

என் சந்தேகம் வேறு. கைலாசா நாளைக்கு அக்கா மகன் பெயரை அடித்தால் அவன் எங்கே போவான்? நித்யானந்தாவுக்கே இந்த அனுபவம் உண்டு. 2012-இல் மதுரை ஆதீனத்தின் 293-வது பட்டமாக அறிவிக்கப்பட்டு அதே வருஷம் நீக்கப்பட்டவர் அவர். அந்த விவகாரம் கோர்ட் படியேறியது, அதற்கு இங்கே கோர்ட் இருந்தது. அங்கீகாரம் இல்லாததுகூட இதில் பெரிய குறை இல்லை. தைவானைப் பெரும்பாலான நாடுகள் அங்கீகரிக்கவில்லை, ஆனால் அங்கே ஒருவர் தன் அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போடலாம்.

2025-இல் பொலிவியாவில், பழங்குடியினரின் நிலத்தை ஆயிரம் வருஷக் குத்தகைக்கு எடுக்கப் பார்த்ததாகக் கைலாசாக்காரர்கள் இருபது பேரை நாடு கடத்தினார்கள். அனுப்பியது கைலாசாவுக்கு அல்ல. இந்தியா, அமெரிக்கா, சீனா, ஸ்வீடன் என்று அவரவர் சொந்த நாட்டுக்கு.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அக்கா மகன் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டான். அட்டை வந்தால் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான்.